இடம் மாறிய பெட்டி

அத்தியாயம் 9

நாலாம் அறையின் கதவு மூடிக்கொண்டபோது நான் சிரித்துக்கொண்டிருந்தேன். என்னுடைய ஜோக்குக்கு நானேதான். அந்த அறையில் இருந்த மற்ற மூன்று பேருக்கும் சிரிக்கிற உத்தேசம் இல்லை.

'டக்'.

மெத்தை கனத்துக்கு இருந்த கதவுக்குள்ளே இரும்புத் தாழ்கள் இறங்கின. அடுத்த கணம், தலைக்கு மேலே ஓடிய குழாயிலிருந்து 'உஸ்ஸ்' என்று ஏதோ சீறத் தொடங்கியது.

"யாருய்யா வெளியில? விளையாடுற இடமா இது?" மேலாளர் ஓடிப்போய்க் கதவைத் தட்டினார். தலையணையைத் தட்டின மாதிரி இருந்தது. அவ்வளவு கனமான கதவு.

"அண்ணி, கதவு மூடிடுச்சு" என்றேன்.

"எனக்கும் கண்ணு இருக்கு தம்பி."

"இல்ல, ஒரு தகவலுக்குச் சொன்னேன்."

அண்ணி, என் அண்ணனின் மனைவி. அண்ணன் பல் டாக்டர். இடுக்கியைக் காட்டி வாயைத் திறக்க வைப்பவன். அண்ணி துப்பறிகிறவள், இடுக்கி இல்லாமலே திறக்க வைப்பாள். நான் அவளுக்கு உதவியாளன், டிரைவர், அவசரத்துக்குச் சுமைதாங்கி.

நாங்கள் மாட்டிக்கொண்ட இடம் ஒரு பழக் கிடங்கு. ஆப்பிள்களை மாதக்கணக்கில் வாடாமல் வைக்க, அறையை அடைத்து, நைட்ரஜனை நிரப்பி ஆக்ஸிஜனை விரட்டிவிடுவார்கள். பழம் மூச்சடக்கித் தூங்கும். போன மாதம் இதே அறையில் பழத்துக்குப் பதிலாக ஒரு பெண் தூங்கிப்போனாள். எழுந்திருக்கவில்லை.

கிடங்கின் கதவுகளையும் வாயுவையும் ஆட்டிவைக்கிற புரோகிராமை எழுதியவள் அவள்தான். வரைந்தவள் என்று சொல்வதுதான் சரி. அவள் உருவாக்கிய கணினி மொழியில் எழுத்து வரிசைகள் கிடையாது. பெட்டிகள், பெட்டிகளை இணைக்கும் கோடுகள், அவ்வளவுதான். படமொழி என்று பெயர் வைத்திருந்தாள். கூடை தூக்குகிறவர்கூட ஒரு பார்வையில் புரிந்துகொள்ள வேண்டும் என்பது அவள் ஆசை. கிடங்கில் எல்லாருக்கும் அவள் 'வரைபடக்காரி'.

அன்றைக்கு அவள் உள்ளே நின்றுகொண்டு, வெளியே இருந்த தன் சொந்தத் தம்பியிடம் 'மூடு' பட்டனை அழுத்தச் சொன்னாள். உள்ளே ஆள் இருந்தால் கதவு பூட்டாது. அதைச் சோதிக்கத்தான் சொன்னாள்; மாதாமாதம் அவள் செய்கிற சோதனை. அவன் அழுத்தினான். கதவு பூட்டிக்கொண்டது. வாயு திறந்துகொண்டது. அதற்கப்புறம் எந்தப் பட்டனுக்கும் கதவு மசியவில்லை. உடைத்துத் திறப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

புரோகிராமில் ஒரு மாற்றமும் இல்லை என்று நிபுணர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அக்காவுக்கும் தம்பிக்கும் வீட்டு விஷயத்தில் மனஸ்தாபம் இருந்ததைப் போலீஸ் மோப்பம் பிடித்தது. ஆள் இருப்பதை உணர்கிற சென்சாரை அவன்தான் கெடுத்திருப்பான் என்று உள்ளே தள்ளியது.

அவர்களின் அப்பா எங்கள் அலுவலகத்துக்கு வந்து நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ஒருத்தி போயிட்டா. ஒருத்தன் உள்ள இருக்கான். 'நான்தான் கொன்னேன், நான்தான் கொன்னேன்'னு சொல்லிக்கிட்டே இருக்காம்மா. போலீஸுக்கு அப்புறம் நிரூபிச்சுக்கலாம். அவன் கொல்லலைன்னு முதல்ல அவனுக்கு நிரூபிக்கணும்."

அதற்காகத்தான் இன்றைக்கு இங்கே வந்தோம். உள்ளே வர மேலாளர் லேசில் விடவில்லை. ஆயிரம் சாக்கு சொன்னார். கூடவே பேராசிரியரும் வந்திருந்தார். வரைபடக்காரிக்குப் பாடம் நடத்தியவர், பிறகு அவளுடைய கூட்டாளி. படமொழியைப் பற்றி மேடை மேடையாகப் பேசுகிறவர் அவர்தான். நிபுணர் குழுவின் தலைவரும் அவரே.

அறையின் சுவரில் பதித்த திரையில் அந்தப் புரோகிராம் தெரிந்தது. இடது ஓரத்தில் 'மூடு' பட்டன். அதன் பக்கவாட்டிலிருந்து மூன்று கோடுகள், ஒன்றன்கீழ் ஒன்றாகக் கிளம்பின. வலது பக்கம் மூன்று பெட்டிகள். மேலே 'தாழிடு'. நடுவில் 'வாயுவைத் திற'. அடியில் 'ஆள் இருக்கிறாரா? இருந்தால் எல்லாவற்றையும் அப்படியே நிறுத்து'.

கதவு மூடுவதற்குக் கொஞ்சம் முன்புதான் அண்ணி அதைக் காட்டிக் கேட்டிருந்தாள். "மேல்கோடு ஏன் சார் மத்த ரெண்டையும் வெட்டிக்கிட்டு, அடிப்பெட்டிக்கு இறங்குது?"

"அது அழகு சம்பந்தப்பட்ட கேள்வி மேடம்" என்று பேராசிரியர் புன்னகைத்தார். "படமொழியில இடத்துக்கு அர்த்தமே கிடையாது. எது எதோட சேர்ந்திருக்குங்கறதுதான் அர்த்தம். கூடத்துல நாற்காலியை இந்தப் பக்கம் போட்டா என்ன, அந்தப் பக்கம் போட்டா என்ன? வீடு அதே வீடுதானே?"

"அப்ப மூணு பெட்டில எது சார் முதல்ல ஓடும்?" என்று நான் கேட்டேன். "பந்திக்கு முந்துறது யாரு, படைக்குப் பிந்துறது யாரு?"

"எல்லாம் ஒரே சமயத்துல."

"ஆகா! சோறும் சண்டையும் ஒரே இலையில!"

நான் சிரித்தது இதற்குத்தான். அதற்குள்தான் கதவு மூடிக்கொண்டது.

கைப்பேசியை எடுத்தேன். அந்தச் சுவருக்குள் சிக்னல் எங்கே வரும்? ஒரு கோடுகூட இல்லை. ஆக்ஸிஜன் அளவு காட்டும் கருவி இருந்த இடத்தில் நாலு ஆணி ஓட்டைகள்தான் மிச்சம். சாட்சியத்துக்கென்று போலீஸ் கழற்றிக்கொண்டு போயிருந்தது.

"வெளியில காவலாளி இருப்பாரே?" என்றேன்.

"டீ குடிச்சிட்டு வாங்கன்னு நான்தான் அனுப்பினேன்" என்றாள் அண்ணி.

"நல்ல மனசு அண்ணி உங்களுக்கு. நம்ம காரியத்துக்கும் அவரே வந்து டீ குடிக்கட்டும்."

மேலாளர் திரைக்குப் பாய்ந்தார். "மறுதொடக்கம் பண்ணிப் பார்க்கலாம்! மறுபடி ஆரம்பிச்சா கதவு முதல்ல திறந்துக்கும்!" மூலையில் இருந்த வட்டக் குறியை அழுத்தினார்.

'டக்'. தாழ் விலகிய சத்தம். நான் கதவில் தோளைக் கொடுத்து மோதினேன்.

'டக்'. அதற்குள் பூட்டிக்கொண்டது. என் தோள்தான் விலகியது.

"இன்னொரு தடவை!"

'டக்... டக்'. கண்ணாமூச்சி ஆடுகிற குழந்தை மாதிரி, திறந்த வேகத்தில் மூடியது. மூன்றாவது முறையும் அப்படியே. மேலே சீறலும் ஒரு நொடி அடங்கி, மறுபடி தொடங்கியது.

"மூடுங்கிற உத்தரவு இன்னும் நிக்குது" என்றார் பேராசிரியர். "ஆரம்பிச்ச உடனே மறுபடி பூட்டுது."

"அப்ப படத்தைத் திருத்துங்க சார். நீங்கதானே இதுக்குப் பெரியவர்?"

"திருத்த பாஸ்வேர்ட் வேணும். அது அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவளோட போயிடுச்சு."

நான் மூச்சை ஆழமாக இழுத்துப் பார்த்தேன். "எனக்கு ஒண்ணும் ஆகலையே. நல்லாத்தான் இருக்கேன்."

பேராசிரியர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் மறக்க மாட்டேன். "அப்படித்தான் இருக்கும். நைட்ரஜன் மூச்சை அடைக்காது. இருமல் வராது. வலிக்காது. பேசிட்டே இருப்போம், பேச்சு பாதியில நிக்கும்."

நான் வாயை மூடிக்கொண்டேன். பேச்சு பாதியில் நிற்பதைவிட ஆரம்பிக்காமலே இருப்பது நல்லது.

அறை சின்னது. காலி மரப்பெட்டிகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. நாலு பேரும் ஒருவர் விட்ட மூச்சை ஒருவர் வாங்கிக்கொண்டிருந்தோம். ஆப்பிள் வாசனை. இனி எந்த ஜென்மத்திலும் ஆப்பிள் தின்பதில்லை என்று முடிவெடுத்தேன். அடுத்த ஜென்மம் ரொம்ப தூரத்தில் இல்லை என்பதும் தோன்றியது.

மேலாளர் திடீரென்று மரப்பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்து விம்மினார். "இது எனக்கு வேணும். எனக்கு இது வேணும். அந்தப் பொண்ணைக் கொன்னது நான்தான்."

என் முதுகு நிமிர்ந்தது. அண்ணியைப் பார்த்தேன். கொலைகாரன் அகப்பட்டான்! அகப்பட்ட நேரம்தான் கொஞ்சம் அசந்தர்ப்பம்.

"எப்படி?" என்று மெதுவாகக் கேட்டாள் அண்ணி.

"அந்தப் பையன் கோடாலியை எடுத்துட்டு ஓடி வந்தான் மேடம். கதவை உடைக்கறேன்னு. நான் அவன் கையைப் பிடிச்சுத் தடுத்தேன். உடைக்காதே, தானா திறக்கும்னு சொன்னேன். எனக்குத் தைரியம் வந்து உடைக்கச் சொல்றதுக்குள்ள..." அவர் முகத்தை மூடிக்கொண்டார். "அதனாலதான் இந்த ரூமுக்கு வரவே பிடிக்கலை. யாரையும் விடவும் பிடிக்கலை."

"தானா திறக்கும்னு உங்களுக்கு..." என்று ஆரம்பித்த அண்ணி, பாதியில் நிறுத்தினாள். நெற்றியைத் தொட்டாள். சுவரைப் பிடித்தாள். பிறகு சுவரோடு வழுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். தலை ஒரு பக்கம் சாய்ந்தது.

"அண்ணி!"

கையைப் பிடித்து உலுக்கினேன். கை துவண்டு விழுந்தது.

"அண்ணி, விளையாடாதீங்க. அண்ணி! அண்ணன் கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன்? என்னை நம்பித்தானே அனுப்பினான்?" ஜோக்கெல்லாம் எங்கேயோ போய்விட்டது. அம்மா போனபின் எனக்குச் சாப்பாடு போட்டு, திட்டி, வேலையும் கொடுத்தவள் அவள். தரை சுழன்றது. என் தலைதான் சுழல்கிறது என்று நினைத்தேன். அவ்வளவுதான், நானும் போகப்போகிறேன் என்று நினைத்தேன்.

பேராசிரியர் அண்ணியைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். கழுத்துப் பட்டியைத் தளர்த்தினார். அவர் உதடு எதையோ முணுமுணுத்தது. சட்டென்று திரைக்கு ஓடி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். விரல்கள் படபடவென்று எதையோ தட்டின. பாஸ்வேர்ட் கேட்ட கட்டம் மறைந்தது. அடியில் இருந்த 'ஆள் இருக்கிறாரா' பெட்டியில் விரலை வைத்தார். இழுத்தார். 'தாழிடு' பெட்டிக்கும் மேலே கொண்டுபோய் விட்டார். வட்டக் குறியை அழுத்தினார்.

'டக்'.

ஒரே ஒரு 'டக்'. இரண்டாவது வரவில்லை. சீறல் நின்றது. கதவு ஒரு விரல் அகலம் வெளியே நகர்ந்து, வெயில் ஒரு கோடாக உள்ளே விழுந்தது.

"ரொம்ப நன்றி பேராசிரியர்" என்று ஒரு குரல் தரையிலிருந்து கேட்டது.

அண்ணி எழுந்து புடவையில் ஒட்டிய மரத்தூளைத் தட்டிக்கொண்டிருந்தாள். கதவு முழுக்கத் திறந்தது. வெளியே ஆய்வாளரும் இரண்டு காவலர்களும் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் டீ குடிக்கப் போன காவலாளி, கையில் கழற்றிய குழாயோடு.

"நைட்ரஜன் குழாயை அப்பவே கழட்டியாச்சு" என்றார் ஆய்வாளர். "நீங்க சுவாசிச்சது எங்க ஊதற இயந்திரத்தோட சுத்தமான காத்து. பட்டனை அழுத்தினது நான்."

நான் அண்ணியைப் பார்த்தேன். வாயில் வந்த வார்த்தைகள் அண்ணியிடம் சொல்கிற வார்த்தைகளாக இல்லை.

"உனக்குச் சொல்லியிருந்தா உன் மூஞ்சியே காட்டிக் கொடுத்திருக்கும் தம்பி" என்றாள். பிறகு தணிந்த குரலில், "வீட்டுக்குப் போய்த் திட்டு. கேட்டுக்கறேன்."

பேராசிரியர் அதற்குள் சமாளித்துக்கொண்டார். "உயிர் போற நேரத்துல ஏதோ ஒண்ணைப் பிடிச்சு இழுத்தேன். தற்செயலா பலிச்சுது. அதுக்கு ஏன் இந்த நாடகம்?"

"தற்செயலா பாஸ்வேர்ட் தெரிஞ்சுது. தற்செயலா மூணு பெட்டில சரியான பெட்டி. தற்செயலா சரியான இடம்" என்றாள் அண்ணி. "இடத்துக்கு அர்த்தமே இல்லைன்னு சொன்னவர், உயிர் பிழைக்கணும்னதும் ஏன் சார் இடத்தை மாத்தினீங்க? தீப்பிடிச்ச வீட்டுல யாராவது நாற்காலியை நகர்த்திப் போடுவாங்களா?"

அவர் தளர்த்திய கழுத்துப் பட்டியை மறுபடி இறுக்கினார்.

அண்ணி திரையின் பக்கம் போனாள். இப்போது அங்கே மூன்று கோடுகளும் ஒன்றையொன்று தொடாமல், சீவி விட்ட தலைமுடி மாதிரி நேராக ஓடின.

"அவங்க அப்பாகிட்ட, உங்க பொண்ணு எப்படி வரைவான்னு கேட்டேன். ஒரு கோடு இன்னொரு கோட்டை வெட்டினா அவளுக்குச் சோறு இறங்காதும்மான்னார். அப்படிப்பட்டவ இந்தச் சிக்கலை விட்டுட்டுப் போயிருப்பாளா? யாரோ ஒரு பெட்டியை இழுத்துப் போட்டிருக்காங்க. எதுக்குன்னுதான் எனக்குப் புரியலை, இப்ப நீங்க இழுத்துக் காட்டற வரைக்கும். மூணு கோடு ஒரே இடத்துல கிளம்பினா, எது முந்தின்னு கோடு சொல்லாது. அப்ப வேற ஏதோ சொல்லியாகணும். மேல இருக்கிறது முதல்ல. அவ வச்ச விதி அது. அதைத் தெரிஞ்ச ஒரே ஆள் நீங்க."

நான் மெல்ல யோசித்தேன். "முதல்ல ஆளைப் பார்த்தா, கதவு பூட்டறதுக்கு முன்னாடியே எல்லாம் நின்னுடும். ஆனா பூட்டி, வாயுவைத் திறந்து, கடைசில ஆளைப் பார்த்தா..."

"அப்பவும் எல்லாத்தையும் அப்படியே நிறுத்தும்" என்றாள் அண்ணி. "பூட்டின கதவு பூட்டினபடி. திறந்த வாயு திறந்தபடி. காப்பாத்தற பெட்டியே காலை வாரிடும். நிபுணர் குழு ஏன் கண்டுபிடிக்கலைன்னா, பழைய படத்தையும் புதுப் படத்தையும் ஒப்பிடற கருவி பெட்டியையும் கோட்டையும்தான் எண்ணிப் பார்க்கும். எங்க இருக்குன்னு பார்க்காது. அந்தக் கருவி போதும்னு சொன்ன தலைவர் யாரு?"

மேலாளர் எழுந்து வந்தார். "தானா திறக்கும்னு எனக்குச் சொன்னது இவர்தான் மேடம். பயந்து போய் இவருக்குத்தான் போன் பண்ணேன். 'கதவை உடைச்சா புரோகிராம் குழம்பிடும், பொறுங்க'ன்னார். படிச்சவர் சொல்றாரேன்னு..."

"பாஸ்வேர்டையும் முன்னாடியே மாத்திட்டீங்க" என்றாள் அண்ணி, பேராசிரியரைப் பார்த்து. "அவ உள்ள இருந்து திரும்பத் திரும்ப அடிச்சுப் பார்த்திருக்கா. திரையில பதிவாகியிருக்கு. பதற்றத்துல மறந்துட்டான்னு எழுதினீங்க. தான் வச்ச பேரை ஒரு தாய் மறப்பாளா?"

பேராசிரியர் மரப்பெட்டிமேல், மேலாளர் உட்கார்ந்திருந்த அதே இடத்தில், உட்கார்ந்தார்.

"அவ எல்லாத்தையும் நிறுத்தச் சொன்னா" என்றார் கடைசியில். "படமொழி ஓடற அத்தனை கிடங்கையும். 'அழகுக்கு நகர்த்தற விரலும் அர்த்தத்தை மாத்தற விரலும் ஒண்ணா இருந்தா, அது மொழி இல்லை சார், கண்ணி'ன்னு சொன்னா. மாநாட்டு மேடையில நின்னு, தப்பு பண்ணிட்டோம்னு சொல்லப் போறேன்னா. இத்தனை வருஷம் அந்த மேடையில நின்னது நான். இடத்துக்கு அர்த்தம் இல்லைன்னு புத்தகமே போட்டிருக்கேன். ஊர் சிரிச்சிருக்கும்."

"அதனால அவ சொன்னது சரிதான்னு அவளை வச்சே நிரூபிச்சீங்க" என்றாள் அண்ணி.

ஆய்வாளர் அவர் தோளில் கை வைத்தார்.

காவல் நிலையத்துக்கு அப்பாவையும் அழைத்துக்கொண்டு போனோம். வழியில் காரில் அண்ணி அவருக்கு எல்லாவற்றையும் சொன்னாள். ஜன்னல் கண்ணாடியில் விரலால் ஏதோ வரைந்துகொண்டே வந்தார்.

லாக்கப் அறையின் பூட்டைக் காவலர் திறந்தார். கம்பிக் கதவு கிரீச்சென்று சுவரில் போய் மோதியது. உள்ளே மூலையில் வரைபடக்காரியின் தம்பி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

அண்ணி குனிந்து அவனுக்கும் சொன்னாள். பெட்டி, கோடு, மேலே இருப்பது முதலில், பேராசிரியரின் விரல். ஒரு வார்த்தை விடவில்லை. அவன் கடைசிவரை கேட்டான். புரிந்தது என்று தலையாட்டினான்.

"நீ போகலாம்ப்பா" என்றார் காவலர்.

அவன் தன் வலது கையைப் பார்த்தான். "படத்தை மாத்தினது அவர். சரி. பட்டனை அழுத்தினது இந்த விரல்தானே? 'அழுத்துடா, பயப்படாதே'ன்னு உள்ள இருந்து சொன்னா. சிரிச்சுக்கிட்டே சொன்னா."

கதவு அகலத் திறந்திருந்தது. அவன் அசையவில்லை.

அப்பா செருப்பைக் கழற்றி வெளியே விட்டார். உள்ளே போனார்.

"ஐயா, அவரைக் கூட்டிட்டு வெளியே வாங்க. நீங்க எதுக்கு உள்ள போறீங்க?" என்றார் காவலர்.

அவர் காதில் வாங்கவில்லை. சுவரைப் பிடித்து, முட்டி வலியோடு மெல்லக் குனிந்து, மகனின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அந்த வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"நீ எப்ப வர்றியோ அப்ப போகலாம்" என்றார்.